ஊட்டிக்காரர்களின் ஊட்டி டூர்

1. குன்னூரிலிருந்து ஊட்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்தார்கள்.
2. கணவருக்குக் கோயம்புத்தூரிலிருந்து அவருடைய அக்கா போன் செய்தார். மே மாதம் மலர்க் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு வருகிறாராம்.
3. "வாங்கக்கா" என்று சொல்லிப் போனை வைத்தார்.
4. மனைவி கேட்டார்: "ஏனுங்க, நாம ஒருக்கா ஊட்டிக்கு டூர் போலாமுங்களா?"

"ஊட்டிலயே குடியிருந்துட்டு ஊட்டிக்கு டூரா?"

"வருசா வருசம் பூவு பாக்க வர்றவங்களுக்குப் பொங்கிப் போடறேன். நான் இன்னும் பாத்ததில்லீங்க."

"அவங்களோட போயிருக்கலாமில்ல, சரசு?"

"போனா மத்தியானச் சோறு ஆரு ஆக்குவா? நீங்களா? அதுக்கு அவங்க பட்டினியே கெடக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை. பஸ் கேத்தி தாண்டியதும் போனை எடுத்தார்.

"அக்கா, வர்றப்ப எல்லாருக்கும் கட்டுச்சோறு கட்டீட்டு வந்துருங்க. அன்னிக்கு ஊட்ல அடுப்புப் பத்தவெக்கறதில்லீங்க. சரசும் பூவு பாக்க வருது."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உங்கக்கா என்ன சொன்னாங்க?" என்றார்.

"இத்தன வருசமா ஏன்டா கூட்டிட்டுப் போகலைன்னு என்னைய வையறாங்க."

புளிச்சோறும் தயிர்ச்சோறும் அக்கா கொண்டுவருகிறார். சரசு எந்தப் புடவை கட்டுவது என்பது மட்டும் ஊட்டி வரும்வரை முடிவாகவில்லை.