சூடு காட்டாத பன்னிரண்டு

அடுப்பு வேலை எனக்குப் பிடிக்கும். வீட்டில் ஓர் அடுப்பு, தொழிற்சாலையில் ஓர் அடுப்பு. இரண்டிலும் எதையும் நான் தீயவிட்டதில்லை.

தொழிற்சாலை அடுப்பில் வேகுவது போல்ட். குழாயோடு குழாயைச் சேர்த்து இறுக்குகிற போல்ட்டுகள் மழையில் துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாக முலாம் பூசுவோம். பூசும்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் வாயு புகுந்துவிடும். நாலு மணி நேரத்துக்குள் அடுப்பில் வைத்து, நாள் முழுக்கச் சூடு காட்டினால் வெளியேறும். காட்டாவிட்டாலும் போல்ட் பளபளவென்றுதான் இருக்கும். இறுக்கி ஓரிரு நாள் கழித்து, யாரும் தொடாமலே படக்கென்று ஒடியும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சீட்டு, அதில் என் கையெழுத்து. பதினொரு வருடமாக.

பிறகு என் ஓரகத்தி வந்தாள். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கும், குழாய்ப் பிரிவு இன்ஜினியராகத் தொழிற்சாலைக்கும் ஒரே மாதத்தில் வந்தாள். நல்ல பெண். அதை நான் மறைக்கப்போவதில்லை. குறை சொல்ல ஒன்றாவது வைத்திருக்கலாம் அவள். மாமியார் அவளைச் 'சின்னவளே' என்று கூப்பிடும்போது குரலில் தேன் வடியும். எனக்கு வெறும் 'இந்தாம்மா'தான். வயிறு எரிந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒருநாள் அடுப்புப் பக்கம் வந்து, எல்லார் முன்னாலும், "அக்கா, முலாம் போட்டு நாலு மணி நேரத்துக்குள்ள உள்ள வச்சிடுங்க, என்ன?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கே சொன்னாள். சாயங்காலம் மாமியாரிடம் முறையிட்டேன்.

"சொன்னா என்ன தப்பு? படிச்ச புள்ள. கேட்டுக்கோயேன்," என்றார்.

கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் கொதிநீர்க் குழாய்க்கான பன்னிரண்டு போல்ட்டுகள் வந்தன. அவள் பொறுப்பில் போடும் முதல் கொதிநீர்க் குழாய். கடினமான எஃகு, அந்த ரகம்தான் சீக்கிரம் ஒடியும். மற்ற தட்டுகளை வழக்கம்போல் வேகவைத்தேன். இந்தப் பன்னிரண்டை மட்டும் அலமாரியில் வைத்து மூடினேன். மறுநாள் எடுத்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். பேனாவில் மை சரியாக வரவில்லை, உதறிவிட்டுப் போட்டேன்.

"சூடு காட்டியாச்சா அக்கா?" என்று கேட்டாள்.

"அதான் சீட்டுல இருக்கே," என்றேன். வாயால் நான் பொய் சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எதிர்பார்த்தது கசிவு மட்டும்தான். கொஞ்சம் தண்ணீர் ஒழுகும், மேனேஜர் நாலு வார்த்தை திட்டுவார், வீட்டில் அவள் முகம் ஒருநாளாவது தொங்கும். அவ்வளவே. இறுக்கிய பிறகு மூன்று நாள், காலையில் தானே போய் ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. அது எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரருக்கும் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில்தான் வேலை. அந்த மூன்று நாளும் அவரை லீவு போடச் சொன்னது உண்மை.

"உடம்பு சுடுது, படுங்க," என்றேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்குத் தெரியாதா? பேசாம படுங்க."

படுத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு நாலு போல்ட்டுகள் ஒடிந்தன. சத்தம் அடுப்பு வரை கேட்டது. அப்போது வேறொரு தட்டை உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். கதவைச் சாத்தி, நேரத்தைக் குறித்துவிட்டுத்தான் போனேன். அவளைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் மதியம் வரை உயிர் இருந்தது.

வருத்தம் இல்லையா என்று கேட்கிறீர்கள். இல்லாமல் இருக்குமா? மூன்று நாளாகத் துக்கம் கேட்க வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் டீ போட்டுக் கொடுக்கிறேன். நேற்று ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீ நல்லா இருக்கும்மா," என்றார். உள்ளே அழுதுகொண்டிருந்த மாமியார் அழுகையை நிறுத்திவிட்டு, "சின்னவ போட்டு நீங்க குடிச்சிருக்கணும்," என்றார்.

நீங்களே சொல்லுங்கள். யார் யாருக்குக் கெடுதல் செய்தது?