எழுதாத அடிகள்

உஷாந்தி: விளையாட்டை விடுங்கோ அண்ணா.

வினோதன்: இதைத்தான் என்னட்டைக் கேக்கப்படாதெண்டு அம்மா உனக்குச் சொன்னவ.

உஷாந்தி: அது உங்களுக்கும் தெரியுமோ?

வினோதன்: ஏர்போட்டில இருந்து வரேக்க வானுக்குள்ள சொன்னவ. நான் முன் சீட்டில நித்திரை மாதிரிக் கிடந்தனான். ‘அவனுக்குப் படிப்பு வரேல்லை, கால்தான் வந்தது. அதில நீ கை வைக்காதே’ எண்டு.

உஷாந்தி: இப்ப அம்மா சந்தைக்குப் போயிட்டா. அதான் கேக்கிறன். விடுங்கோ.

வினோதன்: எதை விடுறது? பதின்மூண்டு வயசில பெரியப்பாவோட மெல்பேண் போனனான். எட்டு வருஷமாப் பெரிய கிளப்பில விளையாடுறன். இந்த லேனில ஒருத்தருக்கும் நான் என்ன விளையாடுறன் எண்டு தெரியாது. யோகநாதன் மாமா காலமையும் கேட்டார், உன்னை எப்ப தம்பி கிரிக்கெட் ரீமில எடுப்பாங்கள் எண்டு.

உஷாந்தி: பகிடி விடாதேங்கோ.

வினோதன்: அவுஸ்திரேலியாக்காரற்ற ஃபுட்போல் மாமா, முட்டை மாதிரிப் பந்து, நாலு கம்பம், ஒருத்தன்ர முதுகில ஒருத்தன் பாஞ்சு ஏறிப் பந்தைப் பிடிக்கிறது எண்டனான். ‘அதுக்குத் தமிழில என்ன பேர்’ எண்டார். பேரில்லை எண்டன். ‘அப்ப அது விளையாட்டில்லை’ எண்டிட்டுப் போயிட்டார்.

உஷாந்தி: நேற்று ஹமீட் நானா எனக்குப் போன் எடுத்தவர்.

வினோதன்: கடைக்கார நானாவோ? என்னவாம்?

உஷாந்தி: காலமை ஏழு மணிக்கு வந்து ரெண்டு றாத்தல் பாண் வாங்கினீங்களாம். ஏழரைக்குத் திரும்ப வந்து இன்னும் ரெண்டு. ‘வீட்டில விசேஷமோ தங்கச்சி’ எண்டு கேட்டார்.

வினோதன்: நல்ல பாண்.

உஷாந்தி: அண்ணா.

வினோதன்: மெல்பேணில அப்பிடிப் பாண்...

உஷாந்தி: முதல் வாங்கினது மேசையில இருந்தது. அதுக்கு முன்னால இருந்து ரீ குடிச்சிட்டுத்தான் திரும்பப் போனீங்கள்.

வினோதன்: ...வெயில்.

உஷாந்தி: ஏழரை மணிக்கோ?

வினோதன்: சரி, பேச்சு டொக்டர். சோதியுங்கோ.

உஷாந்தி: நான் டொக்டர் இல்லை.

வினோதன்: களுபோவில ஆஸ்பத்திரி வார்டில கதை வராத ஆக்களுக்குக் கதை வரப்பண்ணுறாய். எங்கட குடும்பத்தில முதல் பட்டம். ஆனா வாய் பட்டத்துக்கு முதலே இருந்தது.

உஷாந்தி: அஞ்சு சொல் சொல்லுறன். திருப்பிச் சொல்லுங்கோ. குடை, திறப்பு, எலுமிச்சை, கதிரை, மணல்.

வினோதன்: குடை, திறப்பு, எலுமிச்சை, கதிரை, மணல். நூற்றுக்கு நூறு. கெம்பஸில இதையோ நாலு வருஷம் படிச்சனி?

உஷாந்தி: கொஞ்சத்தால திரும்பக் கேப்பன். அதுவரைக்கும் கதையுங்கோ.

வினோதன்: என்ன கதைக்க?

உஷாந்தி: ஏன் விடமாட்டீங்கள் எண்டு.

வினோதன்: தொண்ணூற்று மூண்டு மட்ச் விளையாடிட்டன். இன்னும் ஏழு.

உஷாந்தி: நூறில என்ன இருக்கு?

வினோதன்: நூறு விளையாடினவன்ர பிள்ளையை அந்தக் கிளப் முதல் கேக்கலாம். அங்க அது சட்டம். தகப்பன்ர பேருக்காகப் பிள்ளைக்கு ஒரு இடம். சிரிக்காதே. எங்கட அப்பான்ர பேரைச் சொல்லி எங்களுக்கு எங்கையாவது ஒரு கதவு திறந்ததோ? ஒரு கிளாக் வேலைக்குக்கூட?

உஷாந்தி: இல்லை.

வினோதன்: அதான்.

உஷாந்தி: எந்தப் பிள்ளைக்கு அண்ணா? அம்மா காட்டின ரெண்டு பொம்பிளையையும் வேண்டாமெண்டனீங்கள்.

வினோதன்: முதல் நூறு. பொம்பிளை பிறகு.

உஷாந்தி: அந்த ரெண்டாவது பொம்பிளை நல்ல பிள்ளை. என்னோட படிச்சது.

வினோதன்: அதான் பயந்தனான். வீட்டில இன்னுமொரு உஷாந்தி எண்டால்...

உஷாந்தி: சரி. இப்ப சொல்லுங்கோ.

வினோதன்: என்னத்தை?

உஷாந்தி: அஞ்சு சொல்.

வினோதன்: ஓ. குடை.

உஷாந்தி: ம்.

வினோதன்: குடை... கண்ணாடி, குதிரை, வாளி, தொப்பி.

உஷாந்தி: குதிரையோ?

வினோதன்: ஓம்.

உஷாந்தி: நான் குதிரை சொல்லேல்லை அண்ணா. கண்ணாடியும் சொல்லேல்லை.

வினோதன்: சொன்னனி.

உஷாந்தி: இல்லை. எங்கத்தைய குதிரை அது?

வினோதன்: சும்மா வாயில வந்தது.

உஷாந்தி: அண்ணா. எங்கத்தைய குதிரை?

வினோதன்: கிளப்பில கேக்கிறது. இங்கிலிஷில. தலையில அடிபட்டு வெளியில வந்தா டொக்டர் இப்பிடித்தான் அஞ்சு சொல் சொல்லிக் கேப்பார். லிஸ்ட் கொஞ்சம்தான், சுத்திச் சுத்தி அதுதான் வரும். வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கி வச்சிருக்கிறன். கேட்ட உடன தன்பாட்டில வரும்.

உஷாந்தி: தமிழில கேட்டாலும் அதுதான் வருதோ?

வினோதன்: தமிழில என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே. அது தமிழாகி வருமெண்டு எனக்கே இப்பதான் தெரியும்.

உஷாந்தி: எத்தினை தரம் அடிபட்டது?

வினோதன்: கிளப்பில எழுதினதோ, எழுதாததோ?

உஷாந்தி: எழுதினது.

வினோதன்: ரெண்டு.

உஷாந்தி: எழுதாதது?

வினோதன்: ...பிளேன்ரீ ஒண்டு போடுறியோ?

உஷாந்தி: போட்டனான். உங்கட கையிலதான் இருக்கு.

வினோதன்: ஓம் என்ன. ஆறியும் போச்சு.

உஷாந்தி: தாங்கோ, சூடாக்கித் தாறன்.

வினோதன்: வேண்டாம். இரு. உஷா... ஜூன் மாசம் ஒரு மட்ச். நாலு கோல் அடிச்சனாம். நீங்கள் எல்லாரும் பாத்தனீங்கள் தானே.

உஷாந்தி: அடிச்சனாமோ?

வினோதன்: அதைச் சொல்லு.

உஷாந்தி: வீடியோ இருக்கே அண்ணா.

வினோதன்: வீடியோ பத்துத் தரம் பாத்திட்டன். என்ர சட்டையைப் போட்டுக்கொண்டு வேற ஆரோ விளையாடுறான். பேப்பரில போட்டாங்கள், என்ர வாழ்க்கையிலேயே நல்ல மட்ச் அதுதானாம். அது என்னட்டை இல்லை. நீ பாத்தமாதிரிச் சொல்லு.

உஷாந்தி: ...சனிக்கிழமை. இங்க காலமைச் சாப்பாட்டு நேரம். என்ர போனைச் சீனிப் போத்தலில சாத்தி வச்சுப் பாத்தனாங்கள். அம்மா ஒரு கையில தேங்காய்ப் பாதியோட நிண்டவ. துருவவும் இல்லை, வைக்கவும் இல்லை.

வினோதன்: அம்மாவுக்கு விளங்கினதோ?

உஷாந்தி: எங்க. பந்து ஓரத்துக் கம்பத்துக்குப் போனாலும் கைதட்டினவ. அது பிழையம்மா எண்டன். ‘பிழைக்கும் ஒரு புள்ளி குடுக்கிறாங்கள் தானே, நல்ல மனிசர்’ எண்டா.

வினோதன்: அம்மா அப்பிடிச் சொன்னவவோ? பிறகு?

உஷாந்தி: மூண்டாவது கோல் அடிச்சிட்டு கமராவைப் பாத்துக் கண்ணடிச்சீங்கள். ‘எனக்குத்தான்’ எண்டா அம்மா. எனக்கெண்டன் நான். அதுக்கு ஒரு சண்டை.

வினோதன்: உனக்குத்தான்.

உஷாந்தி: உங்களுக்கு ஞாபகமே இல்லை. பொய்.

வினோதன்: ஞாபகம் இல்லாட்டிலும் உனக்குத்தான். கடைசிக் கோல்?

உஷாந்தி: அதுக்கு முதல் பந்து மேல வந்தது. ரெண்டு பேருக்கு மேலால பாஞ்சு பிடிச்சனீங்கள். பிடிச்சபடி முதுகடிபட விழுந்தீங்கள். கை ரெண்டும் மேல தூக்கினபடி. அண்ணா சந்தோஷத்தில கையைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறான் எண்டு அம்மா அழுதா. நான் கைதட்டினனான். பிறகு எழும்பி அந்தக் கோலையும் அடிச்சீங்கள்.

வினோதன்: நல்லாத்தான் இருந்திருக்கு.

உஷாந்தி: முந்தநாள் அதைத் திருப்பிப் பாத்தனான். மெதுவா ஓடவிட்டு. அது சந்தோஷமில்லை. கை மடங்கி விறைச்சுப்போய் நிக்குது. மூளையில அடி விழுந்தா அப்பிடித்தான் நிக்கும். எனக்கு அது தெரியும் அண்ணா. அதைத்தான் நான் படிச்சனான். படிச்சுப்போட்டு, அந்தக் கையைப் பாத்துக் கைதட்டினனான்.

வினோதன்: ஏய். இங்க வா. அழாதே. உனக்கென்னெண்டு தெரியும்? அந்தச் சின்னப் போனில...

உஷாந்தி: என்னைத் தேற்றாதேங்கோ. எனக்கு விசர் வருது.

வினோதன்: ஏழு மட்ச் உஷா. ஏழே ஏழு. பிறகு நானே விடுவன். அதுவரைக்கும் கிளப்புக்கு ஒண்டும் சொல்லாதே. கேக்குதோ? எனக்கு வேற ஒண்டும் தெரியாது. உன்னை மாதிரிச் சுவரில மாட்ட என்னட்டைக் கடதாசி இல்லை.

உஷாந்தி: வேற ஒண்டும் தெரியாதெண்டா பழகலாம். நாப்பது வயசில சத்தம் வராமல் வாயைத் திறந்து திறந்து மூடுற ஆக்களுக்கு நான் ஒவ்வொரு நாளும் ‘அம்மா’ எண்டு சொல்லப் பழக்கிறன். உங்களுக்கு அதைப் பழக்க என்னால ஏலாது. போனைப் பக்கத்தில வச்சிருங்கோ. சத்தத்தைக் கூட்டிவிடுங்கோ.

வினோதன்: ஏன்? செருப்பைப் போடுறாய், எங்க போறாய்?

உஷாந்தி: அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர. பாரமாயிருக்கும், ரெண்டு பையோட வருவா.

வினோதன்: உஷா. ஆர் எடுக்கப்போறது?

உஷாந்தி: உங்கட கிளப் டொக்டர். பன்ரண்டு மணிக்கு. அந்த வீடியோவும் பாண் கதையும் எல்லாம் எழுதி நேற்றே அனுப்பிப்போட்டன்.

வினோதன்: நேற்றோ? பிறகேன் இவ்வளவு நேரமும் என்னட்டை விடு விடு எண்டு கேட்டனி?

உஷாந்தி: அவர் எடுக்க முதல் நீங்களே ஓமெண்டு சொன்னால், உங்கட வாயால வந்ததா இருக்கும் எண்டு பாத்தனான். சரி, பரவாயில்லை. அவர் கேக்கிறதுக்கு உண்மையைச் சொல்லுங்கோ. நான் பக்கத்தில நிண்டால் நீங்கள் பகிடி விடுவீங்கள், நானும் சிரிச்சிடுவன். அதான் அண்ணா போறன்.