இஸ்தான்புல்லும் கொழும்பும்

காலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள், ஒரே முதியோர் இல்லத்தின் சீருடையில். "ரோஜினுக்கும் எனக்கும் ஒரே கடிதம்தான் வந்திருக்கு" என்று இளையவள் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஆர், எங்களோட வேலை செய்யிற அந்தக் குர்திஷ் பிள்ளையோ?"

"ஓம் அக்கா. அவவுக்கும் அகதி விசா இல்லையெண்டு இமிக்ரேஷன்காரர் சொல்லிட்டாங்கள். ஊரில பயமெண்டால் இஸ்தான்புல்லில போய்ப் பாதுகாப்பா இருக்கலாமாம். எனக்குக் கொழும்பில இருக்கலாமெண்டு எழுதினவங்கள். இடத்தின்ர பேரை மட்டும்தான் மாத்தியிருக்கிறாங்கள்."

"துருக்கியில அவையள் படுற பாடு இவங்களுக்குத் தெரியாதோ?"

"வருஷா வருஷம் துருக்கிக்குப் போய்க் முதலாம் உலகப்போரில செத்த தங்கட ஆமிக்காரரின்ர கலிப்பொலிக் கல்லறையில மலர்வளையம் வைக்கிறவங்களுக்குத் தெரியாமலோ? அந்த அரசாங்கத்தைப் பகைக்க விருப்பமில்லை, அவ்வளவுதான்."

"சரி, மெல்லமாக் கதையும். ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்! அங்க எண்டால் நாங்கள் எங்க வேணுமெண்டாலும் போய் இருக்கலாமாம். இங்க நான் ரோவிலில இருந்து பக்கத்தில இருக்கிற மல்கிரேவுக்கு வீடு மாறினதுக்கு, ஏன் உடனே அறிவிக்கேல்லையெண்டு ஃபோன் எடுத்து ஏசுறாங்கள்!"