தண்ணி வடியற நேரம்

— அண்ணி, இது ஒரே பெஞ்சு. இந்த ஓரத்துல நீங்க உக்காந்திருக்கீங்க, அந்த ஓரத்துல அண்ணன் உக்காந்திருக்காரு. நடுவுல நானும் இந்த என்ஜின் மூடியும். நீங்க பேசறத நான் வேற எடுத்து அவர்கிட்ட சொல்லணுமா? அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது.

— காது கேக்கும் தம்பி. வாய்தான் தொறக்காது. நீ சொல்லு. நாளைக்குக் காலைல ஒம்போது மணிக்குப் படகு கெளம்பணும்னு சொல்லு.

— அண்ணே, ஒம்போது மணியாம்.

— ஒம்போதா? ஏம்பா மெக்கானிக்கு, உங்க அண்ணிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? நாளைக்கு ஏழு மணிக்கே ஆத்துல கடல் தண்ணி முழுசா ஏறி முடிஞ்சிடும். ஒம்போதுக்கு சர்ருனு வடிஞ்சிக்கிட்டு இருக்கும். அஞ்சு மணிக்குக் கெளம்பினா ஏர்ற தண்ணியே முதுகப் புடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போய் ஆத்துக்கு மேல்பக்கம் விட்டுடும். ஒம்போதுக்குப் போனா எதுக்க வடிஞ்சு வர்ற தண்ணிய முட்டிக்கிட்டு ஏறணும். சொல்லுப்பா.

— அண்ணி, அஞ்சு மணிக்குப் போனா...

— எனக்கும் காது கேக்குது தம்பி. அஞ்சு மணிக்குப் போனா நெறஞ்ச தண்ணில ரயில் பாலத்துக்கு அடில போகணும். படகோட கூரை பாலத்துல இடிக்கும். தண்ணி கொஞ்சம் எறங்கட்டும்.

— நாலு போல்ட்டு அண்ணி. நாலே நாலு போல்ட்டு. கழட்டினா கூரை கீழ வந்துடும். பாலம் தாண்டினதும் மாட்டிக்கலாம். இப்பவே எண்ணெய் விட்டு வெக்கறேன்.

— வேணாம். வாங்குறவர் உள்ளது உள்ளபடி கொண்டு வரச் சொல்லியிருக்காரு.

— ஏம்பா, அந்த ஆளு படகு வாங்குறானா, கூரை வாங்குறானா?

— பாத்தியா தம்பி? ஒரு மனுஷன் வாங்க வரேன்னு சொன்னாலே இவருக்கு ஆகாது. இதுக்கு முன்னாடி வந்தவர்கிட்ட என்ன சொல்லி அனுப்பினாரு, கேளு.

— நான் உண்மையத்தான் சொன்னேன். ரெண்டாவது கியர்ல கொஞ்சம் இருமும்னேன்.

— இருமும்னா சொன்னீங்க அண்ணே? நடு ஆத்துல நின்னுடும், நீந்தத் தெரியுமான்னு கேட்டீங்க. நான் அந்த என்ஜின அக்கு வேற ஆணி வேறயாப் பிரிச்சு மாட்டி வெச்சிருக்கேன். என் மானம் போச்சு. அந்த ஆளு என்ன ஏற எறங்கப் பாத்துட்டுப் போறான்.

— சரி விடு. ஒம்போது மணி நடக்காத கதை. உங்க அண்ணிகிட்ட சொல்லிடு.

— நடக்கும் தம்பி. ஒம்போது மணிதான்.

— கடவுளே. அண்ணி, கோவிச்சுக்காதீங்க. பாலம் தாண்டினா ஆறு வளையற எடத்துல சேத்துத் திட்டு இருக்கு. நீங்க பாக்காததா? தண்ணி இருக்கும்போது அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. வடியும்போது போனீங்கன்னா படகு அதுமேல ஏறி உக்காந்துடும். உக்காந்தா உக்காந்ததுதான். எந்த மட்டத்துல ஏறிச்சோ அந்த மட்டத்துக்குத் தண்ணி திரும்பி வரணும். அது வரைக்கும் என்ஜினும் ஒண்ணும் பண்ணாது, கழியும் ஒண்ணும் பண்ணாது.

— எறங்கித் தள்ளவும் முடியாதுன்னு சொல்லுப்பா. கால வெச்சா இடுப்பு வரைக்கும் இழுத்துக்கும். போன மாசம் மணல் ஏத்திட்டுப் போன படகு மாட்டிக்கிச்சு. பாவம், அவனுங்க சாயங்காலம் வரைக்கும் மொறச்சு மொறச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தானுங்க.

— அங்க போனும் எடுக்காது அண்ணி. நீங்க கூப்பிட்டாலும் எனக்கு வராது. வந்தாலும் நான் எந்த வழியா வந்து இழுக்கறது?

— தெரியும்.

— தெரியும்னா என்ன அர்த்தம்? ஏம்பா, இவ துறைமுக ஆபீஸ்ல வேலை பாத்தவ. என்னைக்கு எப்ப தண்ணி ஏறும், எப்ப வடியும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா. எனக்கே சொல்லிக் குடுத்தது இவதான். இவளுக்கா இந்தத் தப்பு வரும்?

— "இவ"ன்னு சொல்றாரு பாரு தம்பி. எட்டு மாசம் கழிச்சு.

— வாய் தவறி வந்துடுச்சு. உங்க அண்ணின்னு வெச்சுக்க.

— எனக்கு ஒண்ணு தோணுது. நீங்க ரெண்டு பேரும் அவங்கவங்க எடத்துலயே இருங்க. நானே அஞ்சு மணிக்குப் படக எடுத்துட்டுப் போய் அந்த ஆளுகிட்ட விட்டுட்டு பஸ்ஸு புடிச்சு வந்துடறேன். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

— அது ஆகாது தம்பி.

— ஏன் அண்ணி ஆகாது? எனக்குப் படகு ஓட்டத் தெரியாதா?

— படகு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. வாங்குறவர் முன்னாடி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். வக்கீலும் அதத்தான் சொன்னாரு. வீடு பிரிச்சாச்சு, சாமான் பிரிச்சாச்சு. பாக்கி இந்தப் படகு ஒண்ணுதான். இதுவும் போயிட்டா அதோட எல்லாம் முடிஞ்சுது. அவர் யாரோ, நான் யாரோ.

— கேட்டியாப்பா? எப்படா முடியும்னு காத்துக்கிட்டு இருக்காங்க.

— நான் காத்துக்கிட்டு இருந்தது வேற தம்பி. அது அவருக்கே தெரியும்.

— அண்ணி, இப்ப பழசெல்லாம் வேணாம். படகப் பத்திப் பேசுவோம்.

— படகப் பத்தித்தான் பேசறேன். நாலு மாசம் காலைல எந்திரிச்சு சமைச்சு, டிபன் பாக்ஸ்ல கட்டிக் குடுத்தேன். வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு எடுத்துக்கிட்டுப் போனாரு. எங்க போனாரு? கிடங்கு வேலைய விட்டு எப்பவோ நின்னாச்சு. இந்தப் படகுல வந்து உக்காந்துக்கிட்டு, நான் கட்டிக் குடுத்தத சாப்பிட்டுட்டு, சாயங்காலம் களைச்சுப் போன மாதிரி வீட்டுக்கு வந்தாரு. எனக்கு யார் சொன்னாங்க தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரி. "உங்க வீட்டுக்காரருக்கு மீன் புடிக்கறதுன்னா அவ்ளோ ஆசையா?"ன்னு கேட்டா. எனக்கு உசிரே போயிடுச்சு.

— நானும் பாத்தேன் அண்ணி. லீவு போட்டிருக்காருன்னு நெனச்சேன்.

— நாலு மாசமா?

— நீளமான லீவுன்னு நெனச்சேன்.

— வேலைய விட்டதுக்கு நான் ஒரு வார்த்த சொல்லல தம்பி. எங்கிட்ட ஏன் சொல்லலன்னு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். நான் என்ன அவ்ளோ வேண்டாதவளா? என்னப் பாத்தா பயமா? இல்ல, சொல்லி என்ன ஆகப் போகுதுங்கற நெனப்பா? ஏதோ ஒண்ணச் சொல்லித் தொலைக்கட்டும். அதுக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல.

— ஏம்பா, நான் போய் டேங்க்ல பெட்ரோல் இருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன்.

— இருக்கு அண்ணே. உக்காருங்க. நான்தான் முழுசா ஊத்தினேன்.

— கயிறு...

— கயிறும் இருக்கு. உக்காருங்கன்னா உக்காருங்க. அண்ணி பேச ஆரம்பிச்சா உங்களுக்கு மட்டும் எங்கேர்ந்துதான் வேலை வருமோ. என் கடை மாடில வந்து எட்டு மாசம் ஆச்சு. ராத்திரி தூக்கம் வரலன்னு என் ஸ்பானரையெல்லாம் அளவு வாரியா அடுக்கி வெக்கறீங்க. காலைல எனக்கு ஒரு ஸ்பானரும் கெடைக்க மாட்டேங்குது.

— பாத்தியா தம்பி? அன்னைக்கு வீட்லயும் இதேதான். கேட்டேன், சட்டைய மாட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போனாரு. அப்படியே உன் மாடிக்கு வந்துட்டாரு.

— நேரத்த சொல்லுப்பா, நேரத்த. அஞ்சா இல்லையா?

— ஒம்போது.

— அண்ணி, உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன். சரி, அதை விடுங்க. இது என்ன பை? மூணு ப்ளாஸ்க் இருக்கு.

— டீ.

— இது?

— சாப்பாடு. ரெண்டு வேளைக்கு.

— ரெண்டு மணி நேரத்துல போய்ச் சேர்ற எடத்துக்கு ரெண்டு வேளைச் சாப்பாடா? இது என்ன, போர்வையா?

— ஆத்துல காத்தடிக்கும் தம்பி. அவருக்குச் சட்டுனு சளி புடிச்சுக்கும்.

— ஏம்பா, படக விக்கப் போறமா, குடித்தனம் பண்ணப் போறமா?

— என்னக் கேக்காதீங்க அண்ணே. அண்ணி, கடைசியா ஒண்ணு சொல்றேன். ஒம்போது மணிதான்னா நானும் கூட வரேன். முன்னாடி நின்னு கழிய ஊனி ஆழம் பாத்துச் சொல்றேன். திட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு எனக்கு ஓரளவு தெரியும்.

— நீ வர வேணாம்.

— கழி புடிக்க ஒரு ஆள் வேணாமா?

— நான் புடிச்சுக்கறேன். உனக்குக் கடைல வேலை இருக்கு, போய்ப் பாரு.

— இத்தன நாளும் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரன் வேலை பாத்தேனே, அப்ப என் கடை எங்க போச்சு அண்ணி? அவர் சொன்னத உங்ககிட்ட, நீங்க சொன்னத அவர்கிட்ட. சாப்பிட்டாரான்னு நீங்க கேப்பீங்க, சாப்பிட்டாச்சுன்னு சொல்லிடுன்னு அவரு சொல்வாரு. சாப்பிட்டிருக்க மாட்டாரு. பொய்யையும் நான்தான் சுமக்கணும். இப்ப மட்டும் நான் வேணாமா?

— கோவிச்சுக்காத தம்பி. இது நாங்க ரெண்டு பேரும் போக வேண்டியது.

— எனக்கு விளங்கல. சத்தியமா விளங்கல. எல்லாம் தெரிஞ்ச நீங்களே தப்பான நேரத்துல போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கறீங்க.

— இந்தா பாரு, இதுக்கு மேல என்னால முடியாது. நீ அந்த ஆளோட நம்பரக் குடு. நானே பேசறேன். நாளைக்குத் தண்ணி சரியில்ல, அடுத்த வாரம் வரோம்னு நானே சொல்றேன்.

— அண்ணே.

— என்னப்பா?

— நேரா அண்ணிகிட்டயே பேசிட்டீங்க.

— பேசினேன்னா பேசிட்டேன். பொறுமைக்கும் ஒரு அளவு இருக்கு. நம்பரக் குடுன்னு கேக்கறேன்ல.

— நம்பர் இல்ல.

— இல்லன்னா? நம்பர் இல்லாம எப்படிப் பேசி முடிச்ச?

— பேசி முடிக்கலைங்க. வாங்குறவர்னு யாரும் கெடையாது.

— என்ன அண்ணி சொல்றீங்க? அப்ப வக்கீலு?

— அவருக்கும் தெரியாது தம்பி. நீ கொஞ்சம் சும்மா இரு. நான் இவர்கிட்ட பேசிக்கறேன்.

— யாரும் இல்லன்னா எதுக்குடி அங்க போறோம்?

— அங்கதான் போறோம். அந்த வளைவுக்கு. வீட்ல கேட்டேன், எந்திரிச்சுப் போயிட்டீங்க. வக்கீல் ஆபீஸ்ல கேட்டேன், தண்ணி குடிக்கப் போறேன்னு போனவர் திரும்பி வரவே இல்ல. இப்பக்கூட பெட்ரோல் பாக்கணும்னு எந்திரிச்சீங்க. எனக்குக் கோவம் எல்லாம் தீர்ந்து போச்சுங்க, காரணம் தெரியாம இருக்கறதுதான் தாங்கல. சேத்துல மாட்டிக்கிட்டா நீங்க எறங்கி எங்கயும் போக முடியாது. தண்ணி வர்ற வரைக்கும் என் எதுக்கதான் உக்காந்திருக்கணும்.

— அண்ணே, எந்திரிக்காதீங்க. நல்லா இருப்பீங்க, எந்திரிச்சுடாதீங்க.

— எந்திரிக்கலப்பா. யோசிக்கறேன்.

— இன்னும் என்னங்க யோசனை?

— ஒம்போது மணிக்குக் கெளம்பினா சாயங்காலமே தண்ணி வந்து தூக்கி விட்டுடும், நான் சொல்ல வேண்டியதுக்கு அது பத்தாது; எட்டு மணிக்கே போய் இன்னும் மேட்டுல ஏத்தி உக்கார வெச்சிடறேன், நல்லா இருட்டற வரைக்கும் படகு அசையாது.