தண்ணீர் ஊற்றும் பேட்டரி

தொண்ணூறுகளின் கடைசியில், ஆவடி போகும் ரயிலில் என் எதிரே ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மகளுக்குப் பத்தாவது பரீட்சை. அடிக்கடி கரண்ட் போகிறதே என்று இன்வெர்ட்டர் பேட்டரி விசாரித்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"மாசாமாசம் தண்ணி ஊத்துற பேட்டரியே போதும்மே, வெலை கம்மி. நான் ஊத்திக்கிறேன்," என்றார் கணவர்.

"கண்ணாலம் ஆகி பதினாறு வருசம். எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுத்துகீறியா? பேட்டரிக்கு மட்டும் ஊத்துவியா?"

பக்கத்தில் நின்றவர் சிரித்துவிட்டார். கணவர் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து மனைவியிடம் நீட்டினார்.

அந்த அம்மா நிதானமாகக் குடித்து, முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, அதையே வாங்கு. அதுக்கு ஊத்துற அன்னிக்கி எனக்கும் ஒரு டம்ளர் குடு."