அம்மா குடுத்த கொக்கி

இல்லக்கா, அப்படிப் பிடிச்சா அழுவா. தோள்ல சாய்ச்சுக்கோ. ம், அவ்வளவுதான். பெரியம்மான்னா போதும், ஒட்டிக்குவா.

என்ன கேட்ட? வைரஸ்தான். மெதுவாப் பேசு, எதிர்ல இருக்கறவர் காது இந்தப் பக்கம் நீளுது. கர்ப்பப்பை வாயில. புற்றுநோய் இல்லக்கா, அதுக்கு முந்தின படி. எடுத்துட்டா சரியாப் போயிடும், கவனிக்காம விட்டாத்தான் ஏறுமாம்.

என் வீட்டுக்காரர்கிட்டயா? மூச்சு விடல. வைரஸ்னு வாயெடுத்தா, யார்கிட்டேருந்துன்னுதானே முதல்ல கேப்பாரு? டாக்டரம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. கல்யாணமானவங்க முக்கால்வாசிப் பேருக்கு எப்பவாவது வந்துட்டுப் போறதுதானாம். நிறைய பேருக்கு உடம்பே விரட்டிடும். சிலருக்கு மட்டும் போகாம உட்கார்ந்துக்கும், அதுதான் வம்பு.

நமக்கெங்க தெரியும்? கான்வென்ட்ல அந்தப் பாடத்துப் பக்கத்தையெல்லாம் சிஸ்டர் பின் அடிச்சுல்ல குடுத்தாங்க! நீ பிரிச்சுப் பாக்கப் போய் முட்டி போட்டியே. சிரிக்காத, முழிச்சுக்குவா.

ஏன் எனக்கு மட்டும் போகலன்னு கேட்டேன். உடம்புல ஒவ்வொரு செல்லும், உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு துணுக்கை வெளிய கொக்கியில மாட்டிக் காட்டுமாம். காவல் சுத்துற செல்லுங்க அதைப் பாத்து, திருடன் உள்ள இருக்கான்னு கண்டுபிடிக்கும். கொக்கியோட வளைவு அம்மா அப்பாகிட்டேருந்து வர்றது. சிலரோட கொக்கியில இந்த வைரஸ் துணுக்கு சரியாத் தொங்காதாம். காவக்காரன் சும்மா தாண்டிப் போயிடுவான். அது ஒண்ணுதான் காரணம்னு இல்ல, அதுவும் ஒரு காரணம்னாங்க.

ஆமா, எனக்கும் அம்மாதான் ஞாபகம் வந்தா. வயித்துவலி, உடம்பு சூடுன்னே சொல்லிட்டிருந்தா. கூட்டிட்டுப் போனப்போ கர்ப்பப்பையில புற்றுநோய் முத்தி, எல்லாம் முடிஞ்சிருந்தது. அதுலேருந்து நீ ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கறதே இல்ல. இன்னிக்குக்கூட குழந்தையைப் பாத்துக்க ஆளில்லன்னு நான் அழுததாலதான் வந்த.

எங்க எழுந்திருக்கற? ஜன்னல் இல்லாத ரூம், எனக்கும்தான் மூச்சு முட்டுது. உட்காருக்கா.

இவ தூங்கறப்ப முகத்தையே பாத்துட்டிருப்பேன். எந்தக் கொக்கியைக் குடுத்து வச்சிருக்கேனோ. இவளுக்காவது தடுப்பூசி இருக்கு, வளர்ந்ததும் போட்டுடலாம். நமக்குப் போடலையே.

ஆமா, நமக்குன்னுதான் சொன்னேன். ஒரே வயித்துல பொறந்தவங்கதானே? நாள் இல்லாத நாள்லயும் ரத்தம் படுதுடின்னு ஃபோன்ல நீதானே சொன்ன? சூடா இருக்கும்னு சொல்லிட்டு வச்சிட்ட. அம்மாவும் சூடுன்னுதான் சொன்னா.

கூப்பிடறாங்க. குழந்தையை என்கிட்ட குடு.

எனக்கு இல்லக்கா. எனக்குப் போன வாரமே எடுத்தாச்சு. வீட்ல பல்லு புடுங்கினேன்னு சொல்லி, கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அலைஞ்சேன். வலிக்கல.

நல்லாக் கேளு, உன் பேருதான், பரிசோதனைக்கு நான்தான் பதிஞ்சு வச்சேன். போ, நர்ஸ் கதவைப் பிடிச்சுட்டு நிக்கறாங்க.