ரெய்னோவின் எஃகு

அதான் சொல்றேன்மா, உங்கப்பா ரெய்னோ பொய்க்கணக்கு எழுதுற ஆளு இல்ல. இங்க ஹெல்சிங்கி ஆய்வுக்கூடத்துல பதினாறு வருஷம் எதிரெதிர் மேசையில உக்காந்தோம், எனக்குத் தெரியாதா? இன்னும் வடக்க ஔலு ஊருல பஸ்தான் ஓட்டுறாரா? ம்... நாளைக்கு விசாரணைக் குழு அவரு கேஸ மறுபடி எடுக்குதுன்னா, நீ என்கிட்ட வந்தது சரிதான். அவரோட எஃகக் கடைசியா அளந்தவ நான்தானே.

காப்பி ஊத்திக்கோ. எனக்கு எந்திரிக்க முடியல, முட்டி வலி.

எப்படி அளப்போம்னா... பாசிட்ரான்னு ஒரு துகள். எலக்ட்ரானுக்கு நேர் எதிரி. ரெண்டும் சந்திச்சா ரெண்டுமே காணாமப் போயிரும், வெறும் கதிர்தான் மிஞ்சும். அத உலோகத்துக்குள்ள விட்டா சுத்தித் திரியும். உள்ள ஒரு காலியிடம் இருந்தா அங்க போயி ஒண்டிக்கும். அங்க எலக்ட்ரான் கம்மியா, கொஞ்சம் கூட நேரம் உசிரோட இருக்கும். கூடன்னா, ஒரு விநாடிய நூறு கோடியாப் பிச்சு, அதுல ஒரு துணுக்குகூட இல்ல. அந்த ஆயுச அளந்தா உள்ள எவ்வளவு ஓட்டைன்னு தெரிஞ்சிரும்.

காகித ஆலைக் கொதிகலன் எஃகு சூட்டுலயே கெடந்து உள்ளுக்குள்ள ஓட்டை விழுதுன்னாரு உங்கப்பா. எங்க தலைவர் லௌரி இருக்காரே, ஏன்யா ரெய்னோ, அது எஃகா இல்ல ஓட்டை ஓட்டையா இருக்குற பாலாடைக்கட்டியான்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. சரி, ஹெல்வி அளக்கட்டும், அவ சொன்னா முடிஞ்சதுன்னு என்னைக் கைகாட்டினாங்க.

நடுக்கோடைப் பண்டிகைக்கு முந்தின நாள் அது. உனக்குத் தெரியாததா, மத்தியானம் ஆனா ஊரே ஏரிக்கரைக்கு ஓடிரும். என் வீட்டுக்காரரு கீழ வண்டிய அணைக்காம நிக்கிறாரு, பின்சீட்டுல மீனும் பீரும். பாசிட்ரான் வர்ற கதிரியக்க உப்பு ஒரு சொட்டு, மெல்லிசு தாளுக்குள்ள இருக்கும். அதுக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு. ரெண்டும் ஒரே எஃகா இருக்கணும். வச்சேன், கருவிய ஓட விட்டேன், கிளம்பிட்டேன். மூணு நாளு ஆளில்லாத கட்டடத்துல அது பாட்டுக்கு எண்ணிக்கிட்டு இருந்துச்சு.

திரும்பி வந்தா, எனக்கு முன்னாடியே லௌரி வந்து கணக்க முடிச்சு மேல அனுப்பிட்டாரு. உங்கப்பா சொன்னதுல பாதி ஓட்டைதான் இருந்துச்சு. ரெய்னோ எண்ணுங்கள மாத்தி எழுதிட்டான்னு பேச்சாயி, வேலையும் போச்சு. அப்புறம் நடந்ததெல்லாம் உனக்கே தெரியும்.

இல்லம்மா, கருவி மேல குத்தமில்ல. பாவம், அது உள்ள வச்சதத்தான் அளக்கும்.

ஆய்வுக்கூட நோட்டுல தேடாத. அதுல இருக்காது. நான் எழுதல.

கருவியிலேருந்து துண்டுகளப் பிரிச்சப்பதான் பாத்தேன். ஒண்ணு கொதிகலன்ல வெந்த துண்டு. இன்னொண்ணு ஒப்பிட்டுப் பாக்க வாங்கின புது எஃகு. அவசரத்துல ரெண்டு டப்பாவுலயும் ஒண்ணொண்ணா எடுத்திருக்கேன். தொடச்சு, அதத அந்தந்த டப்பாவுல போட்டு மூடிட்டேன். பதினொரு வருஷம் ஆச்சு.

துண்டப் பிரிச்ச அன்னைக்குச் சாயங்காலம் உங்கப்பா என் மேசைக்கு வந்தாரு. கத்தல கித்தல. ஹெல்வி, ரெண்டும் என் துண்டுதானேன்னாரு. ஆமான்னேன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டு கோட்ட மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

நாளைக்கு விசாரணை எத்தன மணிக்குன்னு சொன்ன?